பெரிய கட்டடங்களைப் படமெடுத்தல்: எங்கே நிற்பது, எப்படிப் பிடிப்பது

தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாஜ்மகாலிலும் எடுத்து வரும் பயணப் படங்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தென்படும். ஒன்று, விமானமோ குவிமாடமோ பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். இரண்டு, நேரில் மலைக்க வைத்த கட்டடம் படத்தில் சாதாரணமாகத் தெரியும். மூன்று, முன்னால் நிற்கும் ஆள் பெரிதாகவும் பின்னாலிருக்கும் கட்டடம் பொம்மை அளவிலும் வந்திருக்கும். விலை கூடிய கேமரா வாங்கினால் இவை தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. மூன்றுக்கும் காரணம் எடுத்தவர் நின்ற இடம்தான். லென்ஸ் எதுவாக இருந்தாலும், எது பெரிதாகத் தெரியும், எது எதை மறைக்கும், கோடுகள் எப்படி ஓடும் என்பதையெல்லாம் தூரமும் உயரமுமே முடிவு செய்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் கேமரா செட்டிங் பற்றிய பேச்சு குறைவு, நடப்பது பற்றிய பேச்சு அதிகம். கையில் போன் மட்டுமே இருந்தாலும் முழுவதும் பின்பற்றலாம்.

கிளம்புமுன்: கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது?

முதல் வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: முகப்பு எந்தத் திசையில் இருக்கிறது, கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வெட்டவெளி, எதிரில் மாடியோ மேடோ உண்டா. தூரம் அளக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

திசை தெரிந்தால் நேரமும் மாதமும் தெரிந்துவிடும். இதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு விசேஷம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. தஞ்சையும் திருச்சியும் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை சூரியன் நம் தலைக்கு வடக்காகவே போகிறது. தெற்கு பார்த்த சுவருக்கு அந்த நான்கு மாதமும் நேர் வெயில் ஏறக்குறைய கிடைக்காது. 1987இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெற்கு பார்த்தது. ஆனி மாதத்தில் போனால் எந்த மணிக்கு நின்றாலும் முகப்பு மங்கலாக, பின்னால் வானம் வெளுத்துப்போய்த்தான் வரும். அதே கோபுரத்தை மார்கழி, தை மாதங்களில் எடுத்தால் காலை முதல் மாலை வரை முகப்பில் வெயில் இருக்கும். 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவே தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் ஒவ்வொரு சுதைச் சிற்பத்தையும் தனித்தனியாகத் தூக்கிக் காட்டும்.

தாஜ்மகாலின் தோட்டப்பக்க முகப்பும் தெற்கு பார்த்ததுதான். ஆக்ரா வடக்கே 27 டிகிரியில் இருப்பதால் கதை கொஞ்சம் மாறுகிறது. ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும், எனவே விடியலில் முகப்பு நிழலில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்கில் உதிக்கும், முகப்பில் படும், ஆனால் பனிமூட்டம் கட்டடத்தையே மறைத்துவிடக் கூடும். அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச் என்று திட்டமிடுவதே நல்லது. வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. அதனால்தான் அங்கே சூரியோதயப் படம் என்றால் கருநிழல் உருவப் படம் என்று ஆகிவிட்டது. கல்லில் உள்ள வேலைப்பாடு வேண்டுமென்றால் பிற்பகலில் போக வேண்டும். ஜெய்ப்பூர் ஹவா மகாலின் தெருமுகப்பு கிழக்கு பார்த்தது, அதற்குக் காலைதான்.

அனுமதி விவரமும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அதற்கு முன்பிருந்தே தடை உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் கோபுரங்களை வெளித்தெருக்களிலிருந்து எடுக்கத் திட்டமிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கும் டிரோனுக்கும் முன் அனுமதி வேண்டும். தஞ்சையில் முற்றத்தில் படமெடுக்கலாம், கருவறைப் பக்கம் கூடாது.

தூரக் கணக்கு

கட்டடம் ஏன் சாய்ந்து வருகிறது? கேமராவை நிமிர்த்துவதால். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக நின்றால் சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே இருக்கும். உச்சி ஃப்ரேமுக்குள் வரவில்லையே என்று மேல்நோக்கிச் சாய்த்த உடனே அந்தக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கத் தொடங்கும். அப்படியானால் உண்மையான கேள்வி இதுதான்: சாய்க்காமலேயே உச்சி தெரிய எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்?

இன்றைய போன்களின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமமானது. அதைக் கொண்டு போட்ட கணக்கு இது. சமதரையில் நின்று, போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால்:

- முதன்மைக் கேமரா, போன் நெட்டாக: கட்டட உயரத்தைப் போல் 1.4 மடங்கு தூரம்
- முதன்மைக் கேமரா, போன் படுக்கையாக: 1.85 மடங்கு
- அல்ட்ரா வைட் (போனில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸ்), நெட்டாக: 0.75 மடங்கு
- அல்ட்ரா வைட், படுக்கையாக: 1 மடங்கு

18–55 கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ்) உள்ள கேமராவில் 18 மி.மீ. வைத்து நெட்டாகப் பிடித்தால் ஒன்றரை மடங்கு. தூரத்தைக் கட்டடத்தின் முன்சுவரிலிருந்து அளக்கக் கூடாது, உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர் என்றால், தெருவில் 100 மீட்டர் பின்னால் போனால் போதும். சாதாரண நடையில் ஓர் எட்டு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது 140, 150 எட்டு.

இப்போது இதைத் தஞ்சையில் வைத்துப் பார்ப்போம். பெரிய கோயிலின் உள்முற்றம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், தெற்கு வடக்காக 120 மீட்டர். விமானம் மேற்குப் பாதியின் நடுவில் இருக்கிறது. உயரம் 60 மீட்டருக்கு மேல். கணக்குப்படி முதன்மைக் கேமராவுக்கு 85 மீட்டர் வேண்டும். தெற்குத் திருச்சுற்று மாளிகையில் (முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் மண்டபம்) முதுகை ஒட்டி நின்றால்கூட 60 மீட்டர்தான் கிடைக்கும். பக்கவாட்டில் நின்றவர்களின் படங்களெல்லாம் சாய்ந்து வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் மேற்குப் பக்கத்து மூலைக்குப் போனால் குறுக்குத் தூரம் 85 மீட்டருக்கு வந்துவிடுகிறது. சாய்க்காமல் முழு விமானமும் அடங்கக்கூடிய இடம் அந்த மூலைகள்.

அல்ட்ரா வைட் இருக்கிறதே, பக்கவாட்டிலிருந்தே எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கலாம், சாயாது. ஆனால் ஃப்ரேமின் ஓரத்துக்குப் போகிற எதையும் அந்த லென்ஸ் இழுத்து நீட்டும். விமானத்தின் சிகரம் ஒட்டகக் கழுத்துபோல் நீண்டுவிடும். பெரும்பாலான போன்களில் அந்த லென்ஸுக்குப் பின்னாலுள்ள சென்சாரும் சிறியது, கல்லின் நுணுக்கம் குழைந்துபோகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

நிமிர்த்தாமல் பிடித்திருக்கிறோமா?

போன் இடம் வலமாகச் சரிந்திருக்கிறதா என்பதை லெவல் கோடு காட்டிவிடும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கேமரா செட்டிங்கில் கிரிட், லெவல் இரண்டையும் எப்போதும் ஆன் செய்து வையுங்கள். மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில் கண் உயரத்தில் போனைப் பிடித்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், அவர்கள் பத்தடியில் நின்றாலும் நூறு அடியில் நின்றாலும், ஃப்ரேமின் சரிபாதி உயரத்தில் வந்து நிற்கும். கிரிட்டில் பார்த்தால் நடு வரிசையின் மத்தியில் தலைகள் வரிசையாக இருக்க வேண்டும். தலைகள் அதற்குக் கீழே இறங்கியிருந்தால் போன் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்படிப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம். பிறகு கிராப் செய்துகொள்ளலாம். 48 அல்லது 50 மெகாபிக்சல் தேர்வு உள்ள போனில் அதை இயக்கிவிட்டு எடுத்தால், பாதியை வெட்டிய பிறகும் தாராளமாக மிஞ்சும். வெட்டாமலே விட நினைத்தால் அந்தத் தரையில் ஏதாவது இருக்க வேண்டும்: நிழல், கோலம், மழைநீர், படிக்கட்டு. மாலையில் தஞ்சை விமானத்தின் நிழல் கிழக்கு நோக்கி நீளும். நிழல் தரையில் விழாது என்று சொல்லப்படுவது உண்மையல்ல. விழுகிறது, படத்துக்கு நன்றாகவே உதவுகிறது.

பின்னால் போக இடமில்லாத இடத்தில் மேலே போங்கள். கட்டடத்தின் பாதி உயரத்தில் நின்றால் மேலும் கீழும் சமமாக அடங்கிவிடும், சாய்க்க வேண்டிய அவசியமே இராது. ஹவா மகால் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1799இல் எழுந்த அந்த ஐந்தடுக்கு முகப்பைத் தெருவிலிருந்து எடுத்தால் போக்குவரத்தும் சரிந்த கோடுகளும்தான் மிஞ்சும். எதிர்ச்சாரியில் உள்ள தேநீர்க் கடைகளின் மேல்மாடிக்குப் போனால் 953 சாளரங்களும் நேர்க்கோடாக எதிரே நிற்கும். எந்த ஊரானாலும் கட்டடத்துக்கு எதிரில் இருக்கும் விடுதி மாடி, நடைமேம்பாலம், வாகன நிறுத்தக் கட்டடம் ஆகியவற்றை முன்கூட்டியே தேடி வையுங்கள்.

சாய்த்தே ஆக வேண்டும் என்ற நிலையில் என்ன செய்வது? 8, 10 டிகிரி வரை சாய்த்தால் எடிட்டிங்கில் சரிசெய்யலாம், அதற்கு வழி கீழே இருக்கிறது. இருபது டிகிரியைத் தாண்டினால் சரிசெய்ய முயலாதீர்கள். அப்போது இன்னும் நெருங்கிப் போய், சுவரின் அடியில் நின்று, நேர் மேலே பார்த்து எடுங்கள். கோடுகள் வானில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும், பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்தது என்று தெரியும். அரைகுறைச் சாய்வுதான் கண்ணை உறுத்தும்.

நேர்முகமா, மூலையா?

இரண்டும் வேறு வேறு படங்கள். தாஜ்மகால் போன்று இருபுறமும் ஒன்றுபோல் கட்டப்பட்டதை நேர்முகமாக எடுக்கும்போது நடு அச்சில் மிகச் சரியாக நிற்க வேண்டும். ஓர் அடி தள்ளி நின்றாலும் தெரிந்துவிடும். சரிபார்க்க, குவிமாட உச்சியின் கலசம், கீழேயுள்ள பெரிய வளைவின் உச்சி, உங்கள் முன்னாலுள்ள நீர்வாய்க்காலின் நடு மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இடது மினாருக்கும் முகப்புக்கும் நடுவே தெரியும் வானத்தையும் வலது பக்கத்து வானத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் நீங்கள் நடு அச்சிலிருந்து தள்ளி நிற்கிறீர்கள். போனைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, காலை நகர்த்துங்கள். போனைத் திருப்பினால் கட்டடம் ஃப்ரேமின் நடுவுக்கு வரும், ஆனால் ஒருபக்கச் சுவர் சுருங்கியே இருக்கும்.

தூரமும் இங்கே விளையாடுகிறது. தாஜ்மகால் மேடையை நெருங்க நெருங்கக் குவிமாடம் முகப்பு வளைவின் பின்னால் இறங்கிக்கொண்டே போகும். குவிமாடத்தின் முழு வடிவம் வேண்டுமென்றால் தோட்டத்தின் நடுவிலுள்ள சலவைக்கல் தொட்டிக்கு அப்பால், தெற்கே தள்ளியே நிற்க வேண்டும். அங்கிருந்து 2 அல்லது 3 மடங்கு ஜூம் செய்தால் குவிமாடமும் மினார்களும் தங்கள் உண்மையான விகிதத்தில் அமையும்.

தஞ்சையில் நேர்முகம் அவ்வளவு எளிதில் அமையாது. ராஜராஜன் திருவாயிலைக் கடந்ததும் நந்தி மண்டபமும் கொடிமரமும் அதே அச்சில் நின்று விமானத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். வலப்பக்கம் அம்மன் சந்நிதி. இடப்பக்கம், அதாவது தெற்கே, வெட்டவெளி. அந்தப் பக்கம் நடந்து போனால் நந்தி மண்டபம் மெல்ல வலப்புறம் ஒதுங்கி, விமானத்தின் கிழக்கு முகமும் தெற்கு முகமும் சேர்ந்து திறக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை காலை வெயில் இந்த இரண்டு முகத்திலும் படும். மாலையானால் தென்மேற்கு மூலைக்கு இடம்மாறுங்கள். வைகாசி முதல் ஆடி வரை மாலைச் சூரியன் வடக்கே ஒதுங்குவதால் வடமேற்கு மூலை நல்லது, அங்கே முருகன் சந்நிதி முன்புலமாகவும் அமையும்.

மூலையிலிருந்து எடுக்கும்போது இரண்டு முகமும் சமமாகத் தெரிந்தால் படம் உயிரற்றுப் போகும். ஒரு முகம் இரண்டு பங்கு, மற்றது ஒரு பங்கு என்ற அளவில் வைத்துப் பாருங்கள். வெயில் படும் முகம் பெரிதாகவும், நிழல் முகம் சிறிதாகவும் இருந்தால் கட்டடத்துக்குத் திரட்சி கிடைக்கும். தஞ்சையின் தென்மேற்கு மூலையிலிருந்து மேற்குத் திருச்சுற்றை ஒட்டி வடக்கே 25 மீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ இந்த விகிதம் வரும். அப்போது தூரம் 70 மீட்டராகக் குறைகிறது, 7, 8 டிகிரி நிமிர்த்த வேண்டிவரும். அந்த அளவுச் சாய்வை எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்க்கோடாக ஏறுகிறது. ராஜேந்திரன் கட்டிய இந்த விமானத்தின் விளிம்போ உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. அந்த வளைவுதான் அதன் அழகு. சுற்றிலும் புல்வெளி தாராளமாக இருப்பதால் நன்றாகப் பின்வாங்கி, விளிம்புக்குப் பின்னால் வெறும் வானம் மட்டும் இருக்கும்படி நின்று எடுங்கள். கிட்டப் போனால் அந்த வளைவு காணாமல் போய்விடும்.

ஒன்றையொன்று மறைக்கும் கோபுரங்கள்

அங்கோர் வாட்டில் ஐந்து கோபுரங்கள். நடு அச்சில் நேராக நின்றால் மூன்றுதான் தெரியும், பின்னாலுள்ள இரண்டும் முன்னாலுள்ளவற்றின் பின்னே ஒளிந்துகொள்ளும். நடைபாதையை விட்டு இடப்புறம், வடக்குக் குளத்தின் பக்கம் போனால் ஐந்தும் பிரிந்து நிற்கும். விடியற்காலையில் எல்லோரும் அந்தக் குளக்கரையில் நெருக்கியடிப்பதற்குக் காரணம் நீரில் விழும் பிம்பம் மட்டுமல்ல, இந்தப் பிரிவும்தான்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலும் இதே கதை. பெரியதும் சிறியதுமாக இரண்டு விமானங்கள். மேற்கிலிருந்து நேராகப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று அப்பியதுபோல் தெரியும். தெற்குப் பக்கமோ வடக்குப் பக்கமோ நகர்ந்துகொண்டே வாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று வானம் தெரியத் தொடங்கும் இடத்தில் நிற்காமல், அந்தக் கீற்று சிறிய விமானத்தின் பாதி அகலத்துக்கு வரும்வரை நகருங்கள். முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நன்றாகப் பிரிந்திருக்க வேண்டும், இல்லையேல் நன்றாக மேற்படிந்திருக்க வேண்டும். மரக்கிளை, விளக்குக் கம்பம், கொடி எதுவாக இருந்தாலும் கட்டட விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க விடாதீர்கள்.

ஆள் நிற்கும் படம்

பயணத்தில் அதிகம் எடுப்பது இதைத்தான், அதிகம் கெடுவதும் இதுதான். வழக்கமாக ஆள் கட்டடத்தின் அருகே நிற்பார், எடுப்பவர் அவருக்கு மூன்று மீட்டரில் நிற்பார். விளைவு, ஆள் ஃப்ரேமை நிரப்புவார், கட்டடம் அவருடைய தோளுக்குப் பின்னால் துண்டாகத் தெரியும்.

செய்ய வேண்டியது: முதலில் தூரக் கணக்குப்படி கட்டடம் முழுதாக அடங்கும் இடத்துக்கு இருவருமே பின்வாங்குங்கள். பிறகு ஆளை உங்களிடமிருந்து 9 அல்லது 10 மீட்டர் தள்ளி, கட்டடப் பக்கமாக நிறுத்தி, 3 மடங்கு ஜூம் செய்யுங்கள். கட்டடம் 300 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டால் நடப்பது இதுதான். ஆளிடமிருந்து 3 மீட்டரில் இருந்த நீங்கள் 9 மீட்டருக்குப் போனதும் ஆள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறார். கட்டடத்துக்கு 300 மீட்டரில் 6 மீட்டர் கூடியது ஒன்றுமேயில்லை, அது அப்படியே இருக்கிறது. ஜூம் செய்ததும் ஆள் பழைய அளவுக்கு வருகிறார், கட்டடம் மட்டும் மூன்று மடங்காகிறது. கட்டடம் முழுதும் அடங்காவிட்டால் ஜூமை 2க்குக் குறையுங்கள். டெலி லென்ஸ் (தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ்) இல்லாத போனில் 2 மடங்கு வரை தரம் பெரிதாகக் கெடாது.

ஆளின் இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடித்தால் உடல் விகிதம் சரியாக இருக்கும், ஆளின் தலையும் அடிவானத்துக்கு மேலே தனித்து எழும். அல்ட்ரா வைட் லென்ஸில் ஆளை ஓரத்தில் நிறுத்தவே கூடாது. முகமும் கையும் இழுபட்டுவிடும்.

பிரம்மாண்டத்தைக் காட்டவும் ஆள்தான் வேண்டும், ஆனால் இப்போது சிறியவராக, கட்டடத்தின் அடியிலேயே. பிரகாரத்தில் நடந்து போகும் ஒருவர், படியேறும் இருவர் போதும். அவர்கள் நிழலான சுவர் முன்னே போகும்போது வெளிர் உடையும், வெயில் சுவர் முன்னே போகும்போது அடர் நிற உடையும் எடுபடும். தெரியாதவரின் முகம் அடையாளம் தெரிகிற அளவுக்கு நெருங்காதீர்கள், நெருங்கினால் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாசலும் நீரும்

வளைவுக்குள் அடங்கிய தாஜ்மகாலை எல்லோரும் பார்த்திருப்போம். பெரிய நுழைவாயிலின் உள்ளே நின்று பார்க்கும்போது, முன்னே நடந்தால் தாஜ் சிறுத்துப்போவது போலவும் பின்னே வந்தால் பெருத்துவிடுவது போலவும் தோன்றும். மாறுவது தாஜின் அளவல்ல, வளைவின் அளவு. பின்வாங்கும்போது அருகிலுள்ள வளைவு வேகமாகச் சுருங்குகிறது, தொலைவிலுள்ள கட்டடம் அப்படியே நிற்பதால் வளைவை நிரப்புகிறது. கலசம் வளைவின் விளிம்பில் மோதுவதற்கு முன் நின்றுவிடுங்கள், மேலே ஒரு கையளவு வானம் இருக்கட்டும். மேற்கே உள்ள மசூதியின் வளைவுக்குள் நின்று மாலையிலும், கிழக்கே உள்ள அதன் இணைக்கட்டடத்தின் வளைவுக்குள் நின்று காலையிலும் எடுத்தால், வெயில் பட்ட பக்கம் கிடைக்கும், கூட்டமும் குறைவு.

இருண்ட வாசலுக்குள் நின்று எடுக்கும்போது போன் வாசலைப் பார்த்துவிட்டு வெளியே உள்ள கட்டடத்தை வெளுக்க வைக்கும். திரையில் கட்டடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைச் சற்றே கீழே இழுங்கள். வாசல் கறுத்துப்போனால் போகட்டும், அதன் வடிவம்தான் நமக்கு வேண்டும்.

நீரில் பிம்பம் வேண்டுமானால் கேமரா நீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் கரைவிளிம்பும் பாசியும்தான் தெரியும். குந்தி உட்கார்ந்து, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் லென்ஸ் நீரிலிருந்து ஒரு சாணுக்குள் வந்துவிடும். ஒரு கை அகலமே உள்ள மழைநீர்த் தேக்கம்கூட இந்த உயரத்தில் முழுக் கோபுரத்தையும் வாங்கிக்கொள்ளும். காற்று எழாத அதிகாலையில்தான் பிம்பம் உடையாமல் இருக்கும்.

கூட்டமும் கம்பிகளும்

கூட்டத்தைத் தவிர்க்க வாசல் திறக்கும் நேரத்துக்குப் போவதுதான் வழி. கோயிலானால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நண்பகலில் வெறுங்காலோடு கல்தரையில் ஐந்து நிமிடம் நின்று கோணம் பார்க்க முடியாது. கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி நேராகப் பிடியுங்கள், அல்லது கட்டடத்தின் மேல்பாதியை மட்டும் ஜூம் செய்து எடுங்கள். மாடவீதிகளில் மின்கம்பிகள் பெரிய தொல்லை. தெருவின் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்தால் கம்பிகள் கோபுரத்தின் குறுக்கே ஓடாமல் ஒருபக்கம் ஒதுங்கக்கூடும். மிஞ்சும் ஒன்றிரண்டு கம்பிகள் வானத்தின்மேல் இருந்தால் அழிப்பது எளிது, சிற்பங்களின்மேல் இருந்தால் அழித்த தடம் தெரிந்துவிடும். எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பாருங்கள்.

விளக்கொளியில் எடுக்கச் சூரியன் மறைந்து 15 முதல் 30 நிமிடம் வரை நல்ல நேரம். வானம் கருக்காமல் நீலமாக இருக்கும், கட்டட விளிம்பு அதில் தெளிவாகத் தெரியும். பாரிஸ் ஈபிள் கோபுரத்தின் இரவு விளக்கு அமைப்புக்குக் காப்புரிமை உண்டு. சொந்தப் படத்துக்குத் தடையில்லை, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும்.

எடிட்டிங்கில் நிமிர்த்துவது

சரிசெய்யப் போகிற படம் என்றால் எடுக்கும்போதே நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள், மேலேயும் பக்கவாட்டிலும் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். நிமிர்த்தும்போது கீழ்ப்பக்க மூலைகள் இரண்டும் வெட்டுப்படும். இடம் விடாமல் எடுத்த படத்தில் முதலில் போவது அடித்தளம்தான்.

வரிசை இது. முதலில் படத்தின் இடவலச் சரிவைச் சரிசெய்யுங்கள். அடுத்து செங்குத்துச் சாய்வு: ஸ்னாப்சீட் செயலியில் பெர்ஸ்பெக்டிவ் கருவி, ஐபோன் படச் செயலியில் கிராப் பகுதியிலுள்ள செங்குத்து அளவுகோல், லைட்ரூமில் ஜியோமெட்ரி பகுதியின் கைடட் தேர்வு. கடைசியில்தான் கிராப்.

எந்தக் கோட்டை வைத்து நிமிர்த்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விமானமும் கோபுரமும் இயல்பாகவே மேலே குறுகுபவை. அவற்றின் சரிவு விளிம்பைப் பார்த்து நிமிர்த்தினால் எவ்வளவு இழுத்தாலும் போதாது என்றே தோன்றும், கட்டடம் சப்பையாகிவிடும். அடித்தளத்துக்கு மேலே உள்ள சுவரைப் பாருங்கள். அங்கே அரைத்தூண்கள் உண்மையிலேயே செங்குத்தானவை. இடக்கோடி அரைத்தூணும் வலக்கோடி அரைத்தூணும் இணையாக நின்றால் போதும், மேலே உள்ளது தானாகச் சரியாகிவிடும். தாஜ்மகாலில் மினார்களை நம்பக் கூடாது. அவை சற்றே வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்டப்பட்டவை. முகப்பு வளைவைச் சுற்றியுள்ள செவ்வகச் சட்டத்தின் இரு பக்கக் கோடுகளை வைத்தே நிமிர்த்த வேண்டும்.

முழுக்க நிமிர்த்திவிடவும் வேண்டாம். அண்ணாந்து பார்க்கும் உயரம் என்று கண்ணுக்குத் தெரிந்த கட்டடத்தில் கோடுகள் கறாராக இணையாக நின்றால், மேல்பகுதி பருத்து முன்னே கவிழ்வதுபோல் தோன்றும். முழுதாக நிமிர்த்திவிட்டு, அதிலிருந்து பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ திரும்பத் தளர்த்துங்கள். நிமிர்த்தியபின் கட்டடம் குட்டையானதுபோல் தெரிந்தால், லைட்ரூமின் ஆஸ்பெக்ட் அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தி உயரத்தை மீட்கலாம். வட்டமாக இருக்க வேண்டிய ஏதாவதொன்றை, விமானத்தில் உள்ள கூடு என்னும் வளைவு அலங்காரத்தையோ கடிகாரத்தையோ தாமரைப் பதக்கத்தையோ அளவாக வைத்துக்கொண்டு, அது முட்டையாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.